டேக் கையில், நிலம் வேலிக்கு அந்தப் பக்கம்: வயோமிங் எல்க் வேட்டையில் ஏமாந்த கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காசு வாங்கிக்கொண்டு வேட்டைக்கு ஏற்பாடு செய்கிற அவுட்ஃபிட்டர் ஒருவனிடம் ஏமாந்தேன், ஆனால் அந்த ஆளின் பெயரைப் போடமாட்டேன். புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். ஆனால் எப்படிப் பேசினான், எந்த இடத்தில் பணம் கேட்டான், எந்தக் கேள்விக்கு நழுவினான் என்பதையெல்லாம் எழுதுகிறேன். இந்த வருடம் வயோமிங் பக்கம் போக நினைத்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் நாலு பேராவது தப்பிக்கட்டும்.

"வேட்டையா? பாவமில்லையா?" என்று கேட்க வருகிறவர்களுக்கு ஒரு பத்தி. நான் சத்தியமங்கலம் பக்கத்துக்காரன். கடமானை ரோட்டோரம் பார்த்து வளர்ந்தவன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு பிறந்தவனுக்கு வேட்டை என்றால் கேஸ், ஜெயில், திருட்டுத்தனம், அவ்வளவுதான். டென்வர் வந்த பிறகுதான் இங்கே கதை வேறு என்று புரிந்தது. எத்தனை எல்க் (கடமானைவிடப் பெரிய மான்) சுடலாம், எந்தப் பகுதியில், எந்த மாதம், கிடாயா பெட்டையா என்பதை மாநில வனவிலங்குத் துறை முடிவு செய்கிறது. துப்பாக்கியிலும் தோட்டாவிலும் பிடிக்கும் மத்திய வரியை, 1937-இல் வந்த ஒரு சட்டப்படி வனவிலங்குக்கே திருப்புகிறார்கள். சுட்ட மிருகத்தின் கறியைக் காட்டில் வீணாக விட்டுவிட்டு வந்தால் அதுவே குற்றம். கடைசி விஷயம்தான் என்னை இழுத்தது. கறி சாப்பிடுகிறவன் ஒரு தடவையாவது அதன் கணக்கை நேரில் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஒப்புக்கொள்ளாதவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். வயோமிங்கில் வெளிமாநிலத்தான் எல்க் சுட வேண்டுமென்றால் குலுக்கலில் டேக் விழ வேண்டும். டேக் என்பது ஒரு எல்க்கைச் சுடுவதற்கான உரிமச் சீட்டு, சுட்டதும் அதன் உடலில் கட்ட வேண்டும். பிப்ரவரி தொடக்கத்தோடு மனு முடிந்துவிடும். சாதாரண எல்க் உரிமம் 692 டாலர், மனுவுக்கு 15. டேக் விழாத வருடங்களில் 52 டாலர் கட்டி ஒரு பாயிண்ட் வாங்கி வைக்கலாம். பாயிண்ட் சேரச் சேர நல்ல பகுதி கிடைக்கும் வாய்ப்பு கூடும். முதல் விருப்பமாகக் கேட்ட பகுதி கிடைத்துவிட்டால் சேர்த்தது அத்தனையும் பூஜ்யம். இரண்டாவது, மூன்றாவது விருப்பத்தில் விழுந்தால் பாயிண்ட் போகாது. இந்த ஒரு வித்தியாசத்தை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், என் கதை அங்கேதான் கவிழ்ந்தது.

ஆறு வருடத்தில் ஆறு பாயிண்ட் சேர்த்திருந்தேன். ஆஸ்டினில் இருக்கும் மதுரைக்கார அண்ணன் ஒருவரிடம் இரண்டு இருந்தது. சேர்ந்து மனு போட்டால் வயோமிங்கில் சராசரி எடுப்பார்கள், எங்களுக்கு நான்கு. 2025 ஜனவரியில் ஒரு வேட்டைக் கண்காட்சியில் இந்த அவுட்ஃபிட்டரைப் பார்த்தோம். நல்ல பேச்சு, நல்ல தொப்பி, மேசை நிறையப் பெரிய கொம்புப் படங்கள். அவன் சொன்ன முதல் வாக்கியமே பாதிப் பொய்: "வெளிமாநிலத்தார் கைடு இல்லாமல் வயோமிங்கில் வேட்டையாட முடியாது."

சட்டம் அப்படி இல்லை. வில்டர்னஸ் என்று மத்திய அரசு அறிவித்த காட்டுப் பகுதிகளுக்குள் போனால் மட்டும்தான் வெளிமாநிலத்தாருக்குக் கைடு கட்டாயம். அங்கேகூட வயோமிங்வாசி நண்பர் ஒருவர் இருந்தால், அவர் இலவசமாக அனுமதி எடுத்து உங்களைக் கூட்டிப்போகலாம். மற்ற தேசியக் காடுகள், பி.எல்.எம். நிலம் எல்லாவற்றிலும் உங்கள் சொந்தக் காலில் நடக்கலாம். பி.எல்.எம். என்பது மத்திய அரசின் நில நிர்வாகத் துறை. நம்ம ஊர் புறம்போக்கு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஆக்கிரமிப்பு இல்லாத புறம்போக்கு. நான் இதை விசாரிக்கவில்லை. சொன்னவன் தொப்பி போட்டிருந்தான், நம்பிவிட்டேன்.

அடுத்தது, "டேக் நிச்சயம், மனு வேலையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்றான். குலுக்கலில் நிச்சயம் என்று எவனாவது சொன்னால் எழுந்து வந்துவிட வேண்டும். நான் என் துறைக் கணக்கின் பாஸ்வேர்டையே கொடுத்தேன். மென்பொருள் வேலை பார்க்கிறவன், பாஸ்வேர்டைக் கொடுத்தேன்! அண்ணன் மட்டும் ஒரு தடவை கேட்டார்: "தம்பி, நம்ம அக்கவுண்ட்ட அவன் கையில குடுக்கணுமா?" நான்தான், "விடுங்கண்ணே, அவங்களுக்கு இது தினசரி வேலை" என்றேன். ஆளுக்கு 3,250 டாலர் முன்பணம். மீதி 3,250 வேட்டையின் கடைசி நாளில். கார்டு வாங்கமாட்டான், பணப் பரிமாற்ற ஆப்பில்தான் போட வேண்டும் என்றான். அங்கேயும் மணி அடித்தது, காதில் விழவில்லை.

மே மாதம் டேக் விழுந்தது. கொண்டாடினோம். ஆகஸ்டில் சாவகாசமாகத் துறையின் கையேட்டைப் பிரித்தபோதுதான், எங்கள் பகுதிக்கு நேராகப் பொதுமக்கள் நுழைவது கடினம் என்ற குறிப்பைப் பார்த்தேன். துறையே எச்சரித்து அச்சடித்து வைத்திருக்கிறது. எந்தப் பகுதிக்கு எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பாயிண்டில் கிடைத்தது என்ற பட்டியலையும் வருடாவருடம் வெளியிடுகிறார்கள். அதைப் பார்த்தால் எங்கள் பகுதி மிகக் குறைந்த பாயிண்டுக்கே கிடைக்கக்கூடியது. ஏன் மலிவு? டேக்கைச் சீந்த ஆள் இல்லை. ஏன் சீந்தவில்லை? எல்க் மேய்வது முழுக்கத் தனியார் பண்ணைகளில், பொது நிலம் அதற்குள் தீவு தீவாகக் கிடக்கிறது. பண்ணைக்காரர் அனுமதி இல்லாவிட்டால் அந்த டேக் வெறும் காகிதம். அதை எங்கள் முதல் விருப்பமாகப் போட்டு, எட்டு பாயிண்டையும் ஒரே அடியில் காலி செய்திருந்தான். அதே பகுதியை இரண்டாவது விருப்பமாகப் போட்டிருந்தாலாவது, விழுந்தாலும் விழாவிட்டாலும் பாயிண்ட் மிஞ்சியிருக்கும். "நிச்சயம்" என்று சொன்ன வாக்கைக் காப்பாற்ற அவனுக்கு அது உதவாது.

போன் செய்து கேட்டேன். "கவலைப்படாதே, இருபதாயிரம் ஏக்கர் பண்ணை குத்தகை என் கையில்" என்றான். குத்தகைத் தாளைக் காட்டு என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. ஊரில் ரெண்டு சென்ட் மனை வாங்கக்கூட வில்லங்கச் சான்றிதழ் கேட்கிற பரம்பரை நாம்.

அக்டோபரில் போய்ச் சேர்ந்தோம். நெடுஞ்சாலை 80-இலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரம். முகாம் என்பது ஒரு பழைய டிரெய்லர் வண்டி. எங்களைத் தவிர வேறு மாநிலத்துக்காரர் ஒருவர் இருந்தார், பெயர் வேண்டாம். முதல் நாள் காலை பண்ணை வாசலுக்குப் போனால் புதுப் பூட்டு. அரை மணியில் பண்ணையின் மேலாளர் பிக்கப்பில் வந்தார். குத்தகை போன வருடத்தோடு முடிந்தது, இப்போது வேறு அவுட்ஃபிட்டருக்குக் கொடுத்திருக்கிறோம், இவனை உள்ளே விடக்கூடாது என்று முகத்துக்கு நேரே சொன்னார். எங்களைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, இரக்கம்தான் இருந்தது. இது முதல் தடவை இல்லை போல.

அவன் அசரவில்லை. "பரவாயில்லை, மூலையில் தாண்டிப் பொது நிலத்துக்குள் போவோம், கோர்ட்டே சொல்லிவிட்டதே" என்றான்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தீர்ப்பை வைத்து இப்போது பலர் கதை விடுகிறார்கள். 1862 சட்டத்தில் ரயில் பாதை போட்ட கம்பெனிக்கு, பாதையின் இருபக்கமும் ஒன்றுவிட்டு ஒன்றாக 640 ஏக்கர் சதுரங்களைக் கொடுத்தார்கள். மீதிச் சதுரங்கள் அரசிடம். சதுரங்கப் பலகையில் கறுப்பு தனியார், வெள்ளை பொது என்று நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வெள்ளைக் கட்டங்கள் மூலையில் மட்டுமே தொட்டுக்கொள்ளும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கால் வைத்தால் அத்துமீறலா? 2021-இல் மிசௌரியிலிருந்து வந்த நான்கு வேட்டைக்காரர்கள் கார்பன் கவுண்டியின் எல்க் மலையில் ஏணி போட்டு மூலையைத் தாண்டினார்கள். தனியார் மண்ணில் கால் படவில்லை. 2022-இல் ஜூரி விடுவித்தது. பண்ணை உரிமையாளர் சிவில் வழக்குப் போட்டார், பத்தாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச்சில் வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. பொது நிலத்தை வேலிகட்டி மறைக்கக்கூடாது என்ற 1885-ஆம் வருடச் சட்டம் துணைக்கு வந்தது. அதே அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டை எடுக்க மறுத்துவிட்டது.

அந்த நால்வரும் நில அளவைக் குறியைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் மேலாகத் தாண்டினார்கள். எங்கள் ஆள் காட்டிய இடத்தில் குறியும் இல்லை, மூலையும் இல்லை. வரைபட ஆப்பில் பார்த்தால் இரண்டு பொதுக் கட்டங்களுக்கு நடுவே கிட்டத்தட்ட நூறு அடி தனியார் துண்டு. "யார் பார்க்கப்போகிறார்கள்" என்றான். வயோமிங்கில் 'அத்துமீறாதே' பலகை மாட்டியிருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. எல்லை எங்கே என்று தெரிந்து வைத்திருப்பது வேட்டைக்காரன் பொறுப்பு. அதுவும் அண்ணன் எச்1பி-யில் இருக்கிறார். அந்த விசாவில் இருப்பவர் துப்பாக்கி தொடுவதற்குச் சட்டம் கொடுக்கும் விலக்கே செல்லுபடியான வேட்டை உரிமம்தான். துப்பாக்கியும் கையுமாக அத்துமீறல் வழக்கு என்றால் அவர் தூக்கம் போய்விடும். நாங்கள் தாண்டவில்லை. அந்த மூன்றாவது ஆள் அவனோடு தாண்டிப் போனார்.

சாயங்காலம் திரும்பி வந்தவர் 700 கெஜத்திலிருந்து ஒரு கிடாயைச் சுட்டதாகச் சொன்னார். பட்டது, ஓடிவிட்டது, இருட்டும்வரை அரை மணி தேடினோம், கிடைக்கவில்லை என்றார். அந்தத் தூரத்தில் தோட்டா போய்ச் சேருவதற்குள் மிருகம் ஒரு எட்டு எடுத்து வைத்திருக்கும். எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் விடிந்ததும் தேடப் போவார்கள் என்று நினைத்தேன். போனார்கள், வழியில் இன்னொரு கிடாய் நின்றது, அதைச் சுட்டுத் தன் டேக்கைக் கட்டிவிட்டார். மதியம்தான் பள்ளத்தில் முதல் கிடாய் செத்துக் கிடப்பதைப் பார்த்தார்கள்.

அவுட்ஃபிட்டர் என்னிடம் வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உனக்கு டேக் இருக்கிறது, அங்கே கிடாய் இருக்கிறது, டேக்கின் கூப்பனில் தேதியை வெட்டிக் கட்டிவிடு, எல்லாருக்கும் நல்லது" என்றான். நல்ல கொம்பு என்றும் சேர்த்துக்கொண்டான்.

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் யோசித்தேன். ஆறு வருடம், அவ்வளவு பணம், வீட்டில் காலியாகக் காத்திருக்கும் ஃப்ரீசர். அண்ணன்தான் பக்கத்தில் வந்து, "தம்பி, அடுத்தவன் கொன்னத நம்ம கணக்குல எழுதாத, வா போவோம்" என்றார். இன்னொருவர் சுட்டதற்கு என் டேக்கைக் கட்டுவது குற்றம். அதை மாநில எல்லை தாண்டிக் கொலராடோவுக்குக் கொண்டுவந்தால் 1900-ஆம் வருட லேசி சட்டத்தில் மத்திய அரசின் வழக்காகிவிடும். அதைவிட, அந்தக் கறி உதவாது. எல்க்கின் தோல் கம்பளி மாதிரி, குடலை எடுக்காமல் ஓர் இரவு கிடந்தால் குளிரிலும் எலும்பு ஓரமாக உள்ளே ஊசிப்போகும். முந்நூறு கிலோ மிருகம், அத்தனையும் நாற்றம்.

கைப்பேசி சிக்னல் வரும் இடம்வரை ஓட்டிவந்து, துறையின் புகார் எண்ணுக்கு அழைத்தோம். துறையின் வேட்டைக் காவல் அதிகாரி (வார்டன்) ஒருவர் அன்றைக்கே வந்து எங்கள் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டார். அவரிடமிருந்துதான் தெரிந்தது: அந்த ஆளுக்கு அவுட்ஃபிட்டர் உரிமமே அந்த வருடம் இல்லை. வயோமிங்கில் அவுட்ஃபிட்டர்களுக்கும் கைடுகளுக்கும் மாநில வாரியம் ஒன்று இருக்கிறது, உரிமம் இருக்கிறதா என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இரண்டு நிமிட வேலை. அது போக, தேசியக் காட்டிலோ பி.எல்.எம். நிலத்திலோ காசு வாங்கிக்கொண்டு ஆளைக் கூட்டிப்போக அந்தந்தத் துறையின் அனுமதியும் தனியாக வேண்டும். அதுவும் இல்லை.

முன்பணம் திரும்பவில்லை. பணம் போட்ட ஆப் நிறுவனம், நீங்களே விரும்பி அனுப்பியது என்று கைவிரித்துவிட்டது. வாரியத்துக்கு எழுத்துப் புகார், குத்தகை என்று பொய் சொன்ன குறுஞ்செய்திகள், பண்ணை மேலாளர் கொடுத்த கடிதம் எல்லாம் போயிருக்கிறது. இரண்டு பேருக்கும் பாயிண்ட் பூஜ்யம்.

யாரையாவது கூட்டிப்போவதானால் நான் இப்போது கேட்கும் வரிசை: வாரியத்தின் உரிமம், பொது நிலத்துக்கான அனுமதி, குத்தகைத் தாள், அந்தப் பண்ணைக்காரரிடம் நேராக ஒரு போன். மனுவை நானேதான் போடுவேன். பணம் கார்டில் மட்டும். பகுதியைத் தேர்வு செய்யும் முன், எத்தனை பாயிண்ட் என்று பார்ப்பதற்கு முன்னால் வரைபடத்தில் பொதுச் சாலையிலிருந்து பொது நிலத்துக்குக் கால் வைக்க இடம் இருக்கிறதா என்று பார்ப்பேன். தனியார் நிலத்தையே பொது வேட்டைக்குத் திறந்துவிடும் 'ஆக்சஸ் யெஸ்' திட்டத்தைத் துறை நடத்துகிறது. அதில் சேர்ந்த பண்ணைகளின் பட்டியலும் வரைபடமும் இலவசம். நாங்கள் 6,500 டாலர் அழுதது அதைப் படிக்காமல்தான்.

கண்காட்சியில் 2025 ஜனவரியில் "டேக் நிச்சயம்" என்று சொன்ன ஆளிடம் நீங்களும் முன்பணம் கட்டியிருந்தால், ரசீதையும் குறுஞ்செய்திகளையும் அழிக்காதீர்கள். பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், புகார் எண்ணைத் தருகிறேன், உங்களுடையதையும் அதோடு சேர்க்கலாம்.