மெஸ்னா ஊசி: சிறுநீர்ப்பைக்கு நல்ல காவல், நேரம் தவறாதவரை

ஐஃபாஸ்ஃபமைடு என்ற கீமோ (புற்றுநோய்) மருந்து கல்லீரலில் உடையும்போது அக்ரோலின் என்ற நச்சு பிறக்கிறது. அது சிறுநீரோடு சிறுநீர்ப்பையில் தேங்கி உட்சவ்வை அரிக்கிறது. முதலில் எரிச்சல், பிறகு ரத்தம், சில சமயம் கட்டி கட்டியாக. மெஸ்னாவின் வேலை அந்த அக்ரோலினைப் பிடித்துச் செயலிழக்க வைப்பது. அதைச் சிறுநீரிலேயே செய்வதால் கீமோவின் வீரியம் குறைவதில்லை. இதுதான் இந்த மருந்தின் பெரிய பலம்.

வழக்கமான அளவு, ஒவ்வொரு தடவையும் ஐஃபாஸ்ஃபமைடில் 20 சதவீதம்: தொடக்கத்தில், 4 மணி நேரத்தில், 8 மணி நேரத்தில். 2 கிராமுக்கு மும்முறை 400 மி.கி. 4 மி.லி. ஆம்பூல் ஒன்று அப்படியே சரியாக இருக்கும், மீதம் வீணாகாது. மெஸ்னா உடலை விட்டுச் சீக்கிரம் வெளியேறிவிடும், அக்ரோலின் அதற்குப் பிறகும் வந்துகொண்டிருக்கும். அதனால் மாலையில் வீடு திரும்புபவருக்கு அந்த மூன்றாவது ஊசி விட்டுப்போகக் கூடாது. முதல் ஊசிக்குப் பிறகு மாத்திரை என்றால் ஒவ்வொரு தடவையும் அளவு இரட்டிப்பு (40 சதவீதம்), 2, 6 மணி நேரங்களில். விழுங்கி 2 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் உடனே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள்.

குறைகளும் உண்டு. கந்தக நாற்றம். சிஸ்பிளாட்டின் என்ற இன்னொரு கீமோ மருந்தோடு ஒரே பாட்டிலில் கலக்கக் கூடாது. சிறுநீர்ப் பட்டைச் சோதனையில் கீட்டோன் (உடல் கொழுப்பை எரிக்கும்போது வரும் பொருள்) இருப்பதாகப் பொய்யாகக் காட்டும். சிறுநீரகத்தையோ மூளையையோ இது காக்காது, தொடங்கிவிட்ட ரத்தக்கசிவையும் ஆற்றாது. மருத்துவர் தடுக்காதவரை தினம் 2 லிட்டராவது திரவம் வேண்டும். சிறுநீரை அடக்காதீர்கள், இரவிலும் எழுந்து போங்கள். இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் காலைவரை காத்திருக்க வேண்டாம்.