ஐந்து வருடமாக வீட்டில் வெஜ் ஃப்ரைட் ரைஸ்: எது நின்றது, எது போனது

எங்கள் வீட்டில் சனிக்கிழமை இரவு ஃப்ரைட் ரைஸ் என்றால் அடுப்பு மேடைக்கு முதலில் வருவது எடை மெஷின். வாணலி, சாஸ் பாட்டில் எல்லாம் அதற்குப் பிறகுதான். ஐந்து வருடத்தில், விட்டுப்போன வாரங்களைக் கழித்தாலும், இருநூறு தடவைக்கு மேல் செய்தாகிவிட்டது. சமையல் குறிப்பு ஏராளமாகக் கிடைக்கிறது. அவற்றில் எது எங்கள் வீட்டில் நாள்பட நின்றது, எதை இரண்டே மாதத்தில் கைகழுவினோம் என்பதைத்தான் எழுத வந்தேன்.

ஆரம்பித்த காரணம் ரத்த அழுத்தம். எல்லைக்கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. உப்பைக் குறையுங்கள் என்றார் டாக்டர். வெளியில் வாங்குவதை நிறுத்தினேன். வீட்டில் செய்தாலே ஆரோக்கியம் என்று ஒரு நினைப்பு. முதல் ஒரு வருடம் நான் செய்தது கடைச் சாப்பாட்டின் நகல்தான், வாணலி மட்டும் எங்களுடையது. நான்கு பேருக்கு மூன்று மேசைக்கரண்டி சோயா சாஸ், ஒரு தேக்கரண்டி உப்பு, ஆறு மேசைக்கரண்டி எண்ணெய், பேருக்கு என்று இரண்டு பிடி காய்.

ஒரு நாள் சாஸ் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படித்தேன். சாதாரண சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியில், அதாவது 15 மில்லியில், சுமார் 900 மில்லிகிராம் சோடியம். ஒரு தேக்கரண்டி உப்பில் சுமார் 2,300. மூன்று கரண்டி சாஸும் உப்பும் சேர்ந்து 5,000, தலைக்கு 1,250. பெரியவர்களுக்கு நாள் முழுவதற்குமே 2,000 மில்லிகிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரவு ஒரு தட்டிலேயே பாதிக்கு மேல் காலி.

இதைவிட வெட்கமான கதை ஒன்று உண்டு. கணக்குப் போட்ட கையோடு 'லைட் சோயா சாஸ்' என்று எழுதிய பாட்டிலுக்கு மாறினேன். லைட் என்றால் உப்பு கம்மி என்று நானே முடிவு செய்துகொண்டு, ஆறு மாதம் தாராளமாக ஊற்றினேன். லைட் என்பது நிறத்தையும் அடர்த்தியையும் சொல்வது. பொதுவாக டார்க் சாஸைவிட அதில்தான் கரிப்பு அதிகம். உப்பு குறைந்தது வேண்டுமென்றால் 'சோடியம் குறைக்கப்பட்டது' என்று தனியாகப் போட்டிருக்கும், அதைத் தேடி எடுக்க வேண்டும். அதிலும் உப்பு போய்விடுவதில்லை, குறைகிறது, அவ்வளவுதான். பாட்டிலின் முன்பக்கத்தைப் படிப்பதை அன்றோடு விட்டேன்.

இப்போது நான்கு பேருக்கு ஒரு மேசைக்கரண்டி சாஸ், அரைத் தேக்கரண்டி உப்பு. தலைக்கு 500 மில்லிகிராம் சுற்றி வருகிறது. சப்பென்று இருக்குமே என்று கேட்பீர்கள். முதல் இரண்டு மாதம் இருந்தது. பிறகுதான் எங்கே கோட்டை விட்டேன் என்று புரிந்தது: சோறு வேகும்போது ஒரு உப்பு, காய் வதங்கும்போது ஒரு உப்பு, கடைசியில் சாஸ். மூன்றும் கண் அளவு. சோற்றுத் தண்ணீரில் போட்டது பருக்கைக்கு உள்ளே போய் ஒளிந்துகொள்கிறது, நாக்குக்கு எட்டுவதில்லை. இப்போது சோறு உப்பில்லாமல் வேகிறது, காய்க்கும் கிடையாது. எல்லாம் கடைசி ஒரு நிமிடத்தில், வெளிப்புறத்தில் மட்டும். சாஸைச் சோற்றின் தலையில் கொட்டாமல் வாணலியின் ஓரச் சூட்டில் சுற்றி ஊற்றுகிறேன். சுர்ரென்று பொங்கி, லேசாகக் கருகி, அந்த வாசனை சோற்றில் ஏறும்போது ஒரு கரண்டி மூன்று கரண்டியின் வேலையைப் பார்க்கிறது. பொடியாக நறுக்கிய இஞ்சி, பூண்டு, ஒன்றிரண்டாக இடித்த மிளகு, இறக்குவதற்கு முன் ஒரு தேக்கரண்டி வினிகர். உப்புக் குறையை மறைக்க இதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

இடையில் அஜினமோட்டோ பற்றி ஒரு வார்த்தை. அந்தப் பேரைக் கேட்டாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு, நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். 1908இல் கிகுனே இகெதா என்ற ஜப்பானிய வேதியியலாளர் கொம்பு என்ற கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்த சுவை அது. தக்காளியிலும் சோயா சாஸிலும் காளானிலும் தானாகவே இருக்கிற குளுட்டமேட்தான். சாப்பாட்டு உப்பில் இருக்கும் சோடியத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான் இதில். வீட்டில் நான் சேர்ப்பதில்லை, பயத்தால் அல்ல. காளானும் சாஸும் இருக்கும்போது இன்னொரு டப்பா எதற்கு என்றுதான்.

இனி எடை மெஷின். 'நிறைய காய் போடுகிறேன்' என்று எல்லோரும் சொல்கிறோம். எங்கள் வீட்டு 'நிறைய'வை ஒரு நாள் நிறுத்துப் பார்த்தேன்: வெந்த சோறு 800 கிராம், காய் 180. வண்ண வண்ணமாகச் சிதறிக் கிடப்பதால் கண்ணுக்கு நிறையத் தெரிகிறது. இப்போது கணக்கு ஒன்றுக்கு ஒன்று. வெந்த சோறு 500 கிராம், நறுக்கிய காய் 500 கிராம், டோஃபு 200 கிராம். முதல் தடவை இந்த அளவில் வைத்தபோது மகள் தட்டைக் கிளறிவிட்டுச் சொன்னாள்: "அப்பா, இதுல சோத்தைத் தேட வேண்டியிருக்கு." ஒரே வாரத்தில் மாற்றியது என் தப்பு. மறுபடி சோற்றைக் கூட்டி, வாரத்துக்கு 50 கிராம் காய் ஏற்றி, இரண்டு மாதத்தில் அங்கேயே வந்து சேர்ந்தோம். யாரும் கவனிக்கவில்லை.

பழுப்பு அரிசிக்கு மாறினால் போதும் என்று சொல்பவர்களுக்கு என் அனுபவம்: ஒரு வருடம் ஓட்டினேன். அது நன்றாகவே உதிர்கிறது, மெல்லத்தான் நேரமாகிறது. ஆனால் நார்ச்சத்துக் கணக்கில் நான் நினைத்த அளவு மாற்றம் இல்லை. 100 கிராம் வெந்த வெள்ளைச் சோற்றில் அரை கிராமுக்குக் கீழே, பழுப்பில் ஒன்றரை கிராமுக்குச் சற்று மேலே. பச்சைப் பட்டாணி 100 கிராமில் 5 கிராம் இருக்கிறது. கேரட், பீன்ஸ் இரண்டிலும் இரண்டரைக்கு மேல். அரிசியை மாற்றிக் கிடைப்பதைவிட காயைக் கூட்டிக் கிடைப்பது அதிகம், வீட்டில் சண்டையும் இல்லை. பிடித்தவர்கள் பழுப்பே போடட்டும். எங்கள் வீட்டில் பாஸ்மதி திரும்ப வந்துவிட்டது. காலிஃப்ளவரைத் துருவி 'அரிசி' என்று பேர் வைக்கும் முயற்சி மூன்று வாரம் நடந்தது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் இப்போது யாரும் பேசுவதில்லை.

சோற்றுக்கு வருகிறேன், ஏனென்றால் பாதிப் பேர் தோற்பது இங்கேதான். இருபது நிமிடம் ஊறிய அரிசியைக் கொதிக்கிற நிறையத் தண்ணீரில் போட்டு, ஒரு பருக்கையை நசுக்கினால் நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளை தெரியும்போதே வடித்துவிட வேண்டும். மீதி வாணலியில் வெந்துகொள்ளும். வடித்ததை அகலத் தட்டில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே வைத்து, ஆவி அடங்கியதும் மூடி ஃப்ரிட்ஜுக்குள். பழைய சோறுதான் நன்றாக வரும் என்பதற்குக் காரணம், குளிரும்போது மாவுச்சத்து இறுகிப் பருக்கை விறைப்பதும், மேல் ஈரம் காய்வதும். அவசரமான நாளில் பரப்பிய சோற்றை அரை மணி நேரம் விசிறிக் காற்றில் விட்டாலே முக்கால்வாசிப் பலன் வந்துவிடுகிறது. குளிர்ந்த சோற்றில் செரிக்காத மாவுச்சத்து கொஞ்சம் கூடுவதும் உண்மை. அதை வைத்துச் சர்க்கரைக்கு மருந்து போலப் பேசுவது மிகை.

'முந்தின நாள் சோறு' என்பதை நான் ஒரு முறை தப்பாகப் புரிந்துகொண்டேன். இரவு வடித்த சோற்றை மூடி மேடையிலேயே விட்டுவிட்டு மறுநாள் மாலை வறுத்தேன். சாப்பிட்டு மூன்று மணி நேரத்தில் எனக்கும் மனைவிக்கும் வாந்தி. அன்று பிள்ளைகள் வீட்டில் சாப்பிடாதது அதிர்ஷ்டம். பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசி வேகும் சூட்டிலும் சாவதில்லை. வெந்த சோறு வெளியில் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். வாந்தியைக் கொண்டுவரும் அந்த நஞ்சு சூட்டுக்கு மசியாது. மறுபடி எவ்வளவு வறுத்தாலும் அப்படியே இருக்கும். 'நல்லா சூடு பண்ணிட்டேன்ல' என்பது இங்கே எடுபடாது. எங்களுக்கு வந்தது அதுதானா என்று யாரும் சோதித்துச் சொல்லவில்லை. ஆனாலும் அன்று முதல் வடித்த ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜ், மறுநாளைக்குள் தீர்ப்பது, மீந்தால் ஒரே ஒரு தடவை ஆவி பறக்கச் சூடாக்குவது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் பேச்சே கிடையாது.

பாத்திரத்தில் முதலில் நான்ஸ்டிக். எண்ணெய் குறைவாகப் போதும் என்று வாங்கினேன், போதவும் செய்தது. ஆனால் ஃப்ரைட் ரைஸுக்கு வேண்டிய சூட்டில் காலியாகக் காயவிட அதற்கு ஆகாது. அந்தப் பூச்சு 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சிதையத் தொடங்கும். சூட்டுக்குப் பயந்து தீயைக் குறைத்தால் காய் தண்ணீர் விடும். ஒன்றரை வருடத்தில் பூச்சில் கீறல் விழுந்து வெளியே போனது. அதன் பிறகு மெல்லிய இரும்பு வாணலி. பழக்க இரண்டு வாரம் ஆனது: தேய்த்துக் கழுவி, அடுப்பிலேயே ஈரம் போக்கி, ஒரு துளி எண்ணெயைத் துணியால் பூசிப் புகைய விட்டு, ஆறவிட்டு, மறுபடி. மூன்றாவது மாதம் யாரோ (யார் என்று எனக்குத் தெரியும்) இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட, காலையில் செங்காவி நிறத் துரு. அழுதுகொண்டே திரும்பப் பழக்கினேன். இப்போது கருகருவென்று பளபளக்கிறது. எண்ணெய் ஆறு மேசைக்கரண்டியிலிருந்து இரண்டுக்கு இறங்கிவிட்டது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி, மிச்சத்தை நீங்களே கணக்குப் பாருங்கள். அந்த வினிகர் மட்டும் சோற்றின் மேல் விழ வேண்டும். வாணலியில் நேராக விழுந்தால் பழகிய கருமையை அரித்துவிடும்.

கடை வாசனை வீட்டில் வராது, அந்த ஆசையை விட்டுவிடுவது நல்லது. 2020இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் சோற்றைத் தூக்கிப் போட்டு வறுக்கும் சமையற்காரர்களைப் படம் பிடித்து ஆராய்ந்தார்கள். வினாடிக்குக் கிட்டத்தட்ட மூன்று தடவை தூக்கிப் போடுகிறார்களாம், கீழே எரியும் தீ 1,200 டிகிரி வரை போகுமாம். பருக்கை பறப்பதால்தான் கருகாமல் சிவக்கிறது. அப்படிச் செய்பவர்களுக்குத் தோள்பட்டைக் காயம் அதிகம் என்பதும் அந்த ஆய்வுக்கு ஒரு காரணம். நானும் ஒரு நாள் தூக்கிப் போட்டேன். தரையைப் பெருக்க அரை மணி நேரம்.

வீட்டு அடுப்புக்கு ஒரே வழி, கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவது. நான்கு பேர் அளவை ஒன்றாகக் கொட்டினால் சூடு விழுந்து, வறுவல் போய் அவியலாகிவிடும். இரண்டு ஈடாகப் பிரிக்கிறேன். துணியில் சுற்றிக் கனம் வைத்துப் பிழிந்த டோஃபுவை முதலில் சிவக்க விட்டு எடுத்துவிடுவது. பிறகு கேரட், பீன்ஸ், ஒரு நிமிடம் கழித்துப் பட்டாணி, குடைமிளகாய், முட்டைகோஸ் கடைசியில். கோஸில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர், முன்னால் போட்டால் எல்லாவற்றையும் நனைத்துவிடும். காளானைத் தனியாகத்தான் வறுக்க வேண்டும், இதில் எனக்குக் குறுக்கு வழி எதுவும் கிடைக்கவில்லை. வெங்காயத்தாளின் பச்சை அடுப்பை அணைத்த பிறகு.

குறைகள் இல்லாமல் இல்லை. நறுக்கவே நாற்பது நிமிடம், தனியாளாக நின்றால் சலிப்பு. இரண்டு ஈடு என்பதால் முதலில் சாப்பிடுபவருக்கும் கடைசியில் சாப்பிடுபவருக்கும் பத்து நிமிட இடைவெளி. புகை போக்கி ஓடாவிட்டால் திரைச்சீலையில் பூண்டு வாசனை மறுநாள் வரை நிற்கும். விருந்தினர் எட்டுப் பேர் என்றால் நான் வேறு ஏதாவது சமைத்துவிடுகிறேன். ரத்த அழுத்தம் இப்போது அடங்கியிருக்கிறது. அதற்குக் காரணம் இந்த ஒரு தட்டு என்று சொல்ல மாட்டேன். மாலை நடையும் மற்ற வேளைகளில் குறைத்த உப்பும் சேர்ந்ததுதான்.

போன மாதம் முதல் மகள்தான் வாணலி பிடிக்கிறாள். எடை மெஷினை அவளும் எடுக்கிறாள், காய் சரியாக 500. சாஸை மட்டும் கரண்டி வழிய ஊற்றுகிறாள். "அதுவும் ஒரு கரண்டிதானேப்பா?"