சிங்கப்பூரில் நடக்க: தூரத்தைவிட வெளியேறும் வழி முக்கியம்

நடக்கப் போகும் பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது பலரும் பார்ப்பது இரண்டு: எத்தனை கிலோமீட்டர், படம் எடுக்கப் பாலம் ஏதும் இருக்கிறதா. சிங்கப்பூரில் ஆண்டுக்கணக்கில் நடப்பவர்களுக்கு இவை இரண்டும் பின்னுக்குப் போய்விடும். பாதி வழியில் நிறுத்த வேண்டி வந்தால் எங்கே இறங்கலாம், அங்கே தண்ணீர் கிடைக்குமா, பேருந்து வருமா என்பதுதான் முதல் கேள்வி. காரணம் மேடு பள்ளம் அல்ல. தீவின் மிக உயரமான இயற்கைக் குன்றான புக்கிட் தீமாவே 163 மீட்டர்தான். ஆளைச் சாய்ப்பது காற்றின் ஈரமும் இடியும்.

இங்கே விடிவதே ஏறத்தாழ ஏழு மணிக்கு. அப்போது வெப்பம் 25, 26 டிகிரிதான் இருக்கும். ஆனால் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டியிருக்கும். வியர்வை வழியும், உலராது. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர்கள் "26 டிகிரிதானே" என்று ஒரு சின்ன பாட்டிலோடு கிளம்பி, முக்கால் மணி நேரத்தில் அதைக் காலி செய்துவிடுவார்கள். ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றம் உள்ள பாதையென்றால் முக்கால் லிட்டர். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் வெறும் தண்ணீர் போதாது, உப்பும் கொஞ்சம் உள்ளே போக வேண்டும்.

ஆண்டில் ஏறத்தாழ பாதி நாட்கள் இடி கேட்கும் ஊர் இது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் இடிமழை வழக்கம். ஆகவே காலையில் முடித்துவிடுங்கள் என்பார்கள். அது பாதி உண்மைதான். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா பக்கமிருந்து வரும் சூறைக்காற்று விடியற்காலையிலோ முற்பகலிலோதான் அடிக்கும். மழை ரேடார் படத்தில் மேற்கே நீளமான வரிசையாக மழைப்பட்டை நகர்ந்து வந்தால் வீட்டிலேயே இன்னொரு காபி குடிப்பது உத்தமம். ஒன்றிரண்டு மணி நேரத்தில் கடந்துவிடும். காட்டுப் பாதையில் மாட்டிக்கொண்டால் மின்னலோடு கிளை முறிவதும் பெரிய தொல்லை.

மெக்ரிட்சியிலிருந்து தொடங்கலாம். நீர்த்தேக்கத்தைச் சுற்றி வரும் முழு வட்டம் ஏறத்தாழ 11 கிலோமீட்டர். நிதானமாக நடந்தால் நான்கு மணி நேரம். நிழல் நிறைய உண்டு, வெயில் அவ்வளவாகத் தெரியாது. குறை வேறு இடத்தில் இருக்கிறது: உள்ளே போய்விட்டால் இடையில் வெளியேற வழி மிகக் குறைவு. தொடக்கத்தில் பூங்காவில் ஒரு முறை, பிறகு காட்டுக்குள் இருக்கும் ரேஞ்சர் நிலையத்தில் ஒரு முறை, அவ்வளவுதான் தண்ணீரும் கழிப்பறையும். ரேஞ்சர் நிலையத்தில் பாட்டிலை நிரப்பாமல் ட்ரீடாப் வாக் பக்கம் ஏறுபவர்கள் திரும்பும்போது வருந்துவார்கள்.

ட்ரீடாப் வாக் 250 மீட்டர் நீளமுள்ள தொங்கு பாலம். மிக உயர்ந்த இடத்தில் தரையிலிருந்து 25 மீட்டர். 2004இல் திறந்தது. ஒருவழிப் பாதை, பாலத்தில் கால் வைத்துவிட்டால் திரும்பி வர முடியாது. அதைவிட முக்கியம், பாலத்தைக் கடந்த பிறகு வரும் பலகைப் படிகள். ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகும். முழங்கால் வலி உள்ளவர்களைச் சோதிப்பது பாலமல்ல, இந்தப் படிகள்தான். பொது விடுமுறை தவிர்த்த திங்கட்கிழமைகளில் பாலம் மூடியிருக்கும், மற்ற நாட்களிலும் மாலை ஐந்துக்கு மூடிவிடுவார்கள். பராமரிப்புக்காக மூடுவதும் உண்டு. கிளம்பும் முன் தேசியப் பூங்காக் கழகத்தின் தளத்தைப் பார்த்துவிடுங்கள். பாலத்துக்காக மட்டும் போவதென்றால் முழு வட்டம் தேவையில்லை, வீனஸ் டிரைவ் வாகன நிறுத்தத்திலிருந்து போவது குறுக்கு வழி.

குரங்குகள் பற்றி ஒரு வார்த்தை. நீண்டவால் குரங்குகளுக்கு ஞெகிழிப் பையின் சரசரப்பு என்றால் சாப்பாடு என்று பொருள். பையில் என்ன இருக்கிறது என்பது அவற்றுக்குக் கவலையில்லை. காலி பையைக்கூடப் பிடுங்கும். எல்லாவற்றையும் ஜிப் வைத்த முதுகுப் பைக்குள் போட்டுக் கையை வெறுமையாக வைத்திருங்கள். கண்ணுக்குக் கண் பார்த்து நிற்க வேண்டாம், ஓடவும் வேண்டாம். மெதுவாக நகர்ந்தாலே போதும். பாவம் என்று ஒரு பிஸ்கட் கொடுத்தால் 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் வரலாம்.

தெற்குக் குன்றுத்தொடர் இதற்கு நேர் எதிர். மவுண்ட் ஃபேபர், தெலுக் பிளாங்கா குன்று, கெண்ட் ரிட்ஜ் ஆகியவற்றை இணைக்கும் பத்துக் கிலோமீட்டர். ஆனால் வழியில் எந்தச் சாலையைக் கடந்தாலும் கீழே பேருந்து நிறுத்தம். புதிதாக நடக்கத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். எந்தப் பக்கம் தொடங்குவது என்பதில் ஆளுக்கொரு கருத்து. ஹார்பர்ஃபிரண்ட் எம்ஆர்டி (நகர ரயில்) நிலையப் பக்கமிருந்து தொடங்கும் மாராங் பாதை 800 மீட்டர்தான், ஆனால் பெரும்பாலும் செங்குத்துப் படிகள். முடிவில் கடைத்தொகுதியும் சாப்பாடும் இருக்கட்டும் என்று பலர் மேற்கிலிருந்து வந்து இந்தப் படிகளில் இறங்குகிறார்கள். களைத்த காலோடு ஈரப் படியில் இறங்குவது சறுக்கி விழ எளிதான வழி. காலையிலேயே, கால் புதிதாக இருக்கும்போது ஏறிவிடுங்கள்; மேலே போய்விட்டால் மிச்சப் பாதை பெரும்பாலும் சமம்தான்.

ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலம் 274 மீட்டர் நீளம், சாலைக்கு மேலே 36 மீட்டர் உயரம். பலாவ் மரப்பலகை பதித்த அலை வடிவம். எட்டு மணிக்கு முன் போனால் உட்கார இடம் கிடைக்கும். ஞாயிறு மாலையில் செல்ஃபி எடுப்பவர்களுக்கு நடுவே நடப்பது நெரிசலான தேக்கா சந்தைக்குள் நடப்பதுபோல. அதற்கடுத்த ஃபாரஸ்ட் வாக், மரங்களின் உச்சியை ஒட்டி வளைந்து வளைந்து போகும் இரும்புப் பாதை. தரை முழுக்கக் கம்பி வலை. காலுக்குக் கீழே காடு அப்படியே தெரியும். உயரம் என்றால் தலைசுற்றுபவர்கள் ஹெண்டர்சன் வேவ்ஸைச் சிரித்துக்கொண்டு கடந்துவிட்டு இங்கே வந்து உறைந்து நிற்பார்கள். அவர்களுக்காகவே கீழே மண் பாதை ஒன்று இருக்கிறது. குதிகால் செருப்பு வலையில் மாட்டும்.

அலெக்சாண்ட்ரா ஆர்ச் பாலத்தைத் தாண்டி வரும் ஹார்ட்பார்க் என்ற தோட்டக்கலைப் பூங்காவில் கழிப்பறையும் தண்ணீரும் உண்டு. நேரம் போதாதென்றால் அங்கேயே முடித்துக்கொள்ளலாம். முடிந்தால் கெண்ட் ரிட்ஜ்வரை போங்கள். 1942 பிப்ரவரியில் மலாய்ப் படைப்பிரிவு ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்ட மேடு அது. புக்கிட் சந்துவில் அதற்கான நினைவகம் இருக்கிறது.

ரயில் பாதைதான் ஏமாற்றும். மலாயா ரயில் 2011 ஜூன் 30 அன்று தஞ்சோங் பகாரிலிருந்து கடைசியாக ஓடியது. மறுநாள் சிங்கப்பூர் கைக்கு வந்த 24 கிலோமீட்டர் நிலம் இன்று நடைப் பாதை. ரயில் ஓடிய தடமென்பதால் மேடே இல்லை. எனவே எளிது என்று நினைத்து முழுத் தூரத்துக்கும் கிளம்புவார்கள். தெற்குப் பகுதியில் நீண்ட தூரத்துக்கு நிழலில்லை, தண்ணீர்க் குழாயில்லை. பத்து மணிக்கு மேல் அங்கே நடப்பது தண்டனை. ஒரே சீரான சமதளத்தில் மணிக்கணக்கில் நடந்தால் பாதத்தின் ஒரே இடம் தேய்ந்து கொப்புளம் வரும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. துண்டு துண்டாக நடப்பதே நல்லது. சிறந்த துண்டு, கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி அருகே 2022இல் மீண்டும் திறந்த பழைய புக்கிட் தீமா ரயில் நிலையத்திலிருந்து வடக்கே ரயில் மால் பக்கமுள்ள இரும்புப் பாலம்வரை. ஏறத்தாழ ஒரு மணி நேரம், இரு பக்கமும் மரம், முடியும் இடத்தில் ஹியூம் எம்ஆர்டி. மிதிவண்டிகளும் வரும், காதில் பாட்டு மாட்டிக்கொண்டு நடுவில் நடக்க வேண்டாம்.

முதியவர்களோடும் தள்ளுவண்டிக் குழந்தைகளோடும் என்றால் யோசிக்காமல் பூமலை, அதாவது சிங்கப்பூர் தாவரவியல் பூங்கா. காலை ஐந்து முதல் நள்ளிரவுவரை திறந்திருக்கும், ஆர்க்கிட் தோட்டம் தவிர எதற்கும் கட்டணமில்லை, எங்கே களைத்தாலும் பக்கத்தில் பெஞ்சு. ஐந்து வெள்ளி நோட்டில் உள்ள தெம்புசு மரமும் இங்கேதான். பீஷான்-அங் மோ கியோ பூங்காவும் நல்லது. சிமெண்ட் கால்வாயாக இருந்த காலாங் ஆற்றை 2012இல் இயற்கை ஓடையாக மாற்றிய இடம், நீர்நாய்களைப் பார்க்க வாய்ப்புண்டு. ஓடை ஓரம் இருக்கும்போது எச்சரிக்கை ஒலியும் விளக்கும் வந்தால் உடனே மேட்டுக்கு ஏறுங்கள். மழைநீர் சில நிமிடங்களில் உயர்ந்துவிடும். சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்கு வலசைப் பறவைகள் வரும் செப்டம்பர் முதல் மார்ச்சுக்குள் போனால்தான் முழுப் பலன். அங்கே முதலையும் உண்டு, பாதையை விட்டு இறங்காதீர்கள்.

கடைசியாகக் காலணி. நீர்புகாக் காலணி இங்கே வீண். உள்ளே ஊறும் வியர்வை வெளியே போகாது. வலைத்துணி மேற்பாகமும் ஆழமான பள்ளங்கள் கொண்ட அடிப்பாகமும் உள்ளதை வாங்குங்கள். மெக்ரிட்சியின் களிமண்ணிலும் ஈர வேரிலும் தேய்ந்த ரப்பர் பிடிக்காது. அலமாரியில் சில ஆண்டுகள் கிடந்த நல்ல காலணியை நம்பி நீண்ட நடைக்குப் போகாதீர்கள். பல காலணிகளின் நடு அடுக்கு பாலியூரித்தேன் நுரை. காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து உபயோகிக்காமலே உள்ளுக்குள் சிதைந்துகொண்டிருக்கும். வெளியே புதிதாகத் தெரியும், மூன்றாவது கிலோமீட்டரில் அடிப்பாகம் அப்படியே கழன்று வரும். கிளம்பும் முன் பக்கவாட்டில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். வெடிப்போ பொடியோ தெரிந்தால் தூக்கிப் போடலாம். பையில் இரண்டு கேபிள் டை (ஞெகிழிக் கட்டுப் பட்டை) போட்டு வைத்தால், நடுவழியில் பிரிந்தாலும் பேருந்து நிறுத்தம்வரை கட்டி இழுத்துக்கொண்டு வந்துவிடலாம்.