டோக்கியோ டிஸ்னிலேண்டா, டிஸ்னிசீயா: முதல் பயணத்திற்கு எது?

டோக்கியோ டிஸ்னி ரிசார்ட்டுக்கு முதன்முறையாகச் செல்பவர்கள், அங்குள்ள இரு பூங்காக்களில் எதற்குச் சீட்டு எடுப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். ஏனெனில் வழக்கமான ஒருநாள் சீட்டு ஒரு பூங்காவுக்கு மட்டுமே செல்லுபடியாகும். இரண்டுமே டோக்கியோவை அடுத்த உராயாசு நகரில், மைஹாமா ரயில் நிலையத்தை ஒட்டியிருப்பதால் பயணத் தொலைவு பொருட்டல்ல.

1983இல் திறக்கப்பட்ட டிஸ்னிலேண்டின் நடுவே சின்ட்ரெல்லா கோட்டை நிற்கிறது. பள்ளி செல்லாத வயதுக் குழந்தைகள் அச்சமின்றி ஏறக்கூடிய சவாரிகள் இங்கு மிகுதி, ஊர்வலங்களும் உண்டு.

2001இல் திறக்கப்பட்ட டிஸ்னிசீ போன்ற பூங்கா உலகில் வேறெங்கும் இல்லை. கடலையும் துறைமுகங்களையும் கருவாகக் கொண்ட இதில், வெனிஸ் நகரை நினைவூட்டும் கால்வாய்களில் படகுகள் செல்கின்றன. பழைய நியூயார்க் துறைமுகம் போல் அமைத்த பகுதியில் பெரிய பயணிகள் கப்பல் ஒன்று நிற்கிறது. இவற்றுக்கெல்லாம் பின்னணியாகப் புரோமிதியஸ் என்ற செயற்கை எரிமலை எழுந்து நிற்கிறது. கட்டடங்களின் நுணுக்கத்தைப் பார்த்தபடி நடப்பதே இங்கு பாதி இன்பம் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் எரிமலைக்குள் செல்லும் விரைவுச் சவாரிக்கு 117 சென்டிமீட்டர் உயரம் வேண்டும் என்பதால், சிறு குழந்தைகள் ஏமாற்றமடையலாம். பாலங்களும் ஏற்ற இறக்கங்களும் முதியவர்களைக் களைப்படையச் செய்யும்.

ஆகவே, சிறு குழந்தைகளுடன் செல்வோர் டிஸ்னிலேண்டையும், பெரியவர்கள் மட்டும் செல்வதாயின் தயக்கமின்றி டிஸ்னிசீயையும் தேர்ந்தெடுக்கலாம். டிஸ்னிசீயில் 2024இல் திறக்கப்பட்ட ஃபேன்டஸி ஸ்பிரிங்ஸ் பகுதியைக் காண விரும்புவோர், வாயில் திறக்கும் முன்பே வரிசையில் நிற்பது நல்லது.