விடுமுறை வாடகை வீட்டுக்கு எது: பேட்டரி புகை அலாரமா, வயரிங் அலாரமா?

9 வோல்ட் பேட்டரி அலாரம் மலிவு. இரண்டு திருகாணி போதும், மாட்டிவிடலாம். வம்பு பின்னால்தான்: பேட்டரி தீரும்போது நிமிடத்துக்கொரு முறை கீச்சிடும். நடுராத்திரியில் அதைக் கேட்கும் விருந்தினர் பேட்டரியைக் கழற்றி டிராயரில் போட்டுவிடுவார். அடுத்து வந்து தங்குபவருக்கு அது தெரியாது. இந்த வகைதான் வேண்டுமென்றால், பேட்டரியைக் கழற்றவே முடியாத 10 ஆண்டு லித்தியம் மாடலை வாங்குங்கள்.

வயரிங் அலாரம் வீட்டு மின்சாரத்தில் ஓடும். மின்வெட்டுக்கு உள்ளே துணை பேட்டரி. அலாரங்களை ஒன்றோடொன்று இணைத்துவிட்டால், கீழே ஒன்று புகையை உணர்ந்ததும் மாடியில் இருப்பதும் சேர்ந்து அலறும். கதவைச் சாத்தித் தூங்குபவரை எழுப்ப அதுதான் வழி. ஆனால் எலக்ட்ரீஷியன் வேண்டும், சுவரைக் கொத்தவும் நேரலாம். சீசன் முடிந்து மெயினை அணைத்துவிட்டுப் போனால் துணை பேட்டரி வடிந்துவிடும். பலர் இதை யோசிப்பதே இல்லை.

மாடி வீடு என்றால் இணைந்த அலாரம்தான், பேச்சே இல்லை. கொத்து வேலை பிடிக்காதவர்களுக்கு ரேடியோ அலையில் இணையும் லித்தியம் மாடல் உண்டு. சமையலறையில் மட்டும் வெப்ப அலாரம் வையுங்கள். சமையல் புகைக்கெல்லாம் அது கத்தாது. ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும், வீட்டைச் சுத்தம் செய்பவரே டெஸ்ட் பட்டனை அழுத்தித் தேதியைக் குறித்து வைக்கட்டும்.