வாடகை வீட்டு மொட்டைமாடிக்குக் கூல் ரூஃப் கோட்டிங்: வாங்கலாமா?

கிராமத்து வாடகை வீட்டைச் சீர் செய்ய நினைப்பவர்கள் முதலில் கை வைப்பது சுவர் பெயிண்டில். புதிதாகக் குடிவருபவரோ மத்தியானம் உள்ளே இருக்க முடிகிறதா, கூரையில் ஓதம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். இந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரே மருந்து என்று விற்கப்படுகிறது கூல் ரூஃப் கோட்டிங், அதாவது வெயிலைத் திருப்பி அனுப்பும் அக்ரிலிக் வெள்ளைப் பூச்சு. வெக்கைக்கு நல்ல பொருள், தாராளமாக வாங்கலாம். ஒழுகலுக்குப் பாதி மருந்துதான். மீதிப் பாதி கொத்தனார் கையில் இருக்கிறது.

புதிதாக அடித்த வெள்ளைப் பூச்சு, மேலே விழும் வெயிலில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். கறுத்துப்போன கான்கிரீட் தளம் அதில் பாதிகூட அனுப்பாது. மண் ரோட்டை ஒட்டிய வீடானால் புழுதி படிந்து ஓரிரு வருஷத்தில் இது 60 சதவீதம் வரை இறங்கிவிடும். வருஷத்துக்கு ஒருமுறை சோப்புத் தண்ணீரும் மெல்லிய துடைப்பமும் போட்டுக் கழுவினால் பெரும்பகுதி மீளும். பலன் தெரிவது தளத்துக்கு நேர் கீழே உள்ள அறைகளில் மட்டுமே. மாடி வீட்டின் கீழ்ப் போர்ஷனுக்கு இதைக் காட்டி வாடகை ஏற்ற முடியாது.

அளவில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். டப்பாவில் திடப்பொருள் பாதி என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் அடித்தால் காய்ந்தபின் நிற்பது அரை மில்லிமீட்டர். 500 சதுர அடித் தளம் என்பது சுமார் 46 சதுர மீட்டர். கைப்பிடிச்சுவரில் ஓரடி உயரம் ஏற்றி அடிக்க இன்னும் 8 சதுர மீட்டர். ஆக 54 சதுர மீட்டருக்கு 54 லிட்டர். 20 லிட்டர் வாளி மூன்று வேண்டும். ஒரே வாளியை நீட்டி அடித்தால் படலம் 0.2 மில்லிமீட்டரைக்கூட எட்டாது. பார்க்க வெள்ளை வெளேரென்று இருக்கும், விரிசல் அசையும்போது கூடவே கிழியும்.

அடிப்பதற்கு முன் தளத்தில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். வாட்டம் சரியில்லாமல் தேங்கினால் அந்த இடத்தைச் சாந்து போட்டுச் சரிசெய்து, அது நன்றாக ஆறிய பிறகுதான் கோட்டிங். நாள்கணக்கில் தேங்கும் தண்ணீரில் அக்ரிலிக் ஊறி இளகி, தோலாக உரியும். இதைச் சரிசெய்யாமல் எந்த விலையில் வாங்கினாலும் வீண். அடுத்த எதிரி தளத்துக்குள் இருக்கும் ஈரம். முழங்கை நீளச் சதுரமாக ஒரு பாலிதீன் தாளைத் தளத்தில் வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, 16 மணி நேரம் விடுங்கள். அடியில் முத்து முத்தாக வியர்த்திருந்தால் இன்னும் காய வேண்டும். மீறி அடித்தால் முதல் கோடையிலேயே கொப்புளம்.

பாசியைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டிக் கழுவி, விரிசல்களை ‘வி’ வடிவில் கீறிவிட்டு, தூசி தட்டி, கிராக் ஃபில்லர் (விரிசல் அடைக்கும் பசை) திணிக்க வேண்டும். சுவரும் தளமும் சேரும் மூலையைச் சாந்தால் சரிவாக உருட்டிப் பூசுங்கள். அந்த மூலையிலும் குழாய் அடிகளிலும் முதல் கோட் ஈரமாக இருக்கும்போதே ஃபைபர் மெஷ் எனும் நார் வலையைப் பதித்து அழுத்த வேண்டும். ஒழுகல் பெரும்பாலும் இந்த இடங்களில்தான் ஆரம்பிக்கும். வேலையாட்கள் முதலில் விட்டுவிடுவதும் இதைத்தான். இரண்டாவது கோட் முதல் கோட்டுக்குக் குறுக்காக. உச்சி வெயிலில் அடித்தால் மேல்தோல் சட்டென்று காய்ந்து அடியில் ஈரம் சிக்கும். சாயங்காலம் அடித்தால் பனி கெடுக்கும். காலையில் ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் முடிப்பது உத்தமம்.

தகரக் கூரைக்கும் நன்றாகவே உழைக்கும்: துருவைத் தேய்த்து, துரு தடுக்கும் பிரைமர் அடித்து, ஸ்க்ரூ வாஷர்களை மாற்றிய பிறகு. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைக் கம்பி பிரஷ் கொண்டு தேய்க்கவே கூடாது, உதிரும் நார் நுரையீரலுக்கு ஆபத்து. ஓட்டு வீட்டுக்கு இது தேவையில்லை. உடைந்த ஓட்டை மாற்றினாலே போதும்.

குடியிருப்பவர் மாறும் இடைவெளியில், மழைக்காலத்துக்கு முன்பே வேலையை முடித்துவிடுங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுத்து பில்லோடு வைத்திருந்தால் விற்கும்போது பேசக் கை கொடுக்கும். வாடகையை ஏற்றுவது ஒரு மழை தாண்டிய பிறகு என்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். மாடியில் இரும்புக் கட்டில், விறகு இழுக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மழைநீர் தொட்டிக்குப் போகிறதென்றால், கோட்டிங் அடித்தபின் வரும் முதல் சில மழைத் தண்ணீரை வெளியே விட்டுவிடுங்கள்.