கோட்டை பார்க்க நகோயாவா, ஒகயாமாவா?

ஜப்பானில் கோட்டை பார்க்க வேண்டும் என்றால் பலரும் முதலில் சொல்வது ஒசாகாவைத்தான். வெளியிலிருந்து பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபுரம் 1931-ல் கான்கிரீட்டில் கட்டியது. உள்ளே லிஃப்ட் ஓடுகிறது, தளத்துக்குத் தளம் கண்ணாடிப் பெட்டிகள். கல் அடித்தளத்தின் மேல் மரத்தால் எழுப்பி, எடோ காலத்திலிருந்தோ (1603–1868) அதற்கும் முன்பிருந்தோ இன்று வரை நிற்கும் மூலக் கோபுரங்கள் நாடு முழுக்க 12-தான். 1873-ல், எடோ ஆட்சியை அடுத்து வந்த மெய்ஜி அரசு கோட்டைகளைக் கைவிட உத்தரவிட்டபோது பல இடிந்தன. மிஞ்சியவற்றில் சில 1945 குண்டுவீச்சில் எரிந்தன. தென்ஷு என்று ஜப்பானியர் சொல்லும் அந்த நடுக்கோபுரத்துக்குள் காலுறையோடு நடந்து, மரப்படி ஏறி, கூரை விட்டத்தின் வாசனையை ஒருமுறை பிடித்துவிட்டால் கான்கிரீட்டில் மனசு ஒட்டாது. அந்த 12-க்காக ரயில் ஏறுகிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

அதிலும், நிமிடக் கணக்கில் திட்டம் போடாதவர்களுக்கு. ஒரு ஊரில் அறை எடுத்துக்கொண்டு, காலையில் ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்த பிறகு எங்கே போவது என்று முடிவு செய்கிறவர்களுக்கு. அப்படிப் போகும்போது எந்தக் கோட்டை சிறந்தது என்பதைவிட எந்த ஊரில் தங்குவது என்பதுதான் முக்கியமான கேள்வி. நான் இரண்டு ஊரில் தங்கிப் பார்த்திருக்கிறேன்: நகோயா, ஒகயாமா.

நகோயாவின் பலம் அதன் கோட்டைகளின் தரம். தேசியச் செல்வம் என்று அரசு அறிவித்த கோபுரங்கள் மொத்தம் ஐந்து. அவற்றில் இனுயாமா, ஹிகோனே, மட்சுமோட்டோ என மூன்றை இங்கிருந்து போய்வரலாம். நகோயாவின் சொந்தக் கோட்டை இந்தக் கணக்கில் சேராது. 1945 மே மாதம் எரிந்துபோய், 1959-ல் கான்கிரீட்டில் எழுந்த கோபுரம் அது; நிலநடுக்கத்தைத் தாங்காது என்று 2018 மே முதல் உள்ளே விடுவதில்லை. பக்கத்தில் மரத்திலேயே திரும்பக் கட்டிய ஹொன்மாரு அரண்மனை மட்டும் பார்க்கத் தகுந்தது, அதற்கு அரை நாள் போதும்.

இனுயாமாவுக்கு மெய்டெட்சு என்ற தனியார் ரயிலில் அரை மணி நேரம். ஜேஆர் என்ற ஜப்பான் ரயில்வே குழுமத்தின் பாஸ் அதில் செல்லாது. மெய்டெட்சு நகோயா நிலையம் புதிதாக வருகிறவரைக் கொஞ்சம் திணறடிக்கும். இருப்பதே இரண்டு தண்டவாளம்தான். எல்லா ஊர் ரயிலும் அடுத்தடுத்து அதே இடத்தில் வந்து நிற்கும். நடைமேடையில் வண்ணக் கோடுகள் போட்டிருப்பார்கள், உங்கள் ரயிலுக்கான வண்ணத்தில் வரிசையில் நின்றால் தப்பாது. இறங்க வேண்டியது இனுயாமா நிலையத்தில் அல்ல, அடுத்த நிலையமான இனுயாமா-யுஎன்னில். அங்கிருந்து கிசோ ஆற்றங்கரையோடு கால் மணி நேர நடை. கோபுரம் சின்னதுதான், ஆனால் அதன் மரங்கள் 1585-க்கும் 1588-க்கும் இடையில் வெட்டியவை என்று மர வளையங்களை ஆராய்ந்து 2021-ல் அறிவித்தார்கள். மிஞ்சியவற்றில் மூத்த கோபுரம் இதுதான் என்பதற்கு அதுவே சான்று. உச்சியில் வெளித் திண்ணை சுற்றி ஓடுகிறது, கைப்பிடி இடுப்பளவுகூட இல்லை. பலகை லேசாக வெளிப்பக்கம் சாய்ந்திருப்பது போலக் காலுக்குத் தெரியும். கீழே ஆறு. நான் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டுதான் சுற்றினேன். 2004 வரை இது ஒரு குடும்பத்தின் சொத்தாக இருந்தது என்பது இன்னொரு ஆச்சரியம்.

ஹிகோனேக்கு ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் மைபாரா போய், அங்கிருந்து உள்ளூர் ரயிலில் ஒரே ஒரு நிலையம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஷின்கான்சென்களில் வேகமான நோசோமி மைபாராவில் நிற்காது. கொடாமாவும் சில ஹிகாரிகளும்தான் நிற்கும். திட்டமில்லாமல் நிலையத்துக்கு வந்து முதலில் கிளம்பும் வண்டியில் ஏறுகிறவர் நேராகக் கியோட்டோவில்தான் இறங்குவார். கோட்டை, நிலையத்திலிருந்து கால் மணி நேரம். மூன்று அடுக்குக் கோபுரம், 1607 வாக்கில் முடிந்தது. கூரை முகப்புகளின் வளைவுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். படிக்கட்டு ஏணி மாதிரி செங்குத்து. மேலே போனால் பீவா ஏரி. அப்புறம் இறங்கி கென்கியூஎன் தோட்டத்துக்கு வந்து, குளத்தின் எதிர்க்கரையிலிருந்து கோபுரத்தை ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

மூன்றிலும் எனக்குப் பிடித்தது மட்சுமோட்டோதான். மலைமேல் இல்லாமல், சமவெளியில், அகழித் தண்ணீருக்கு நடுவே கறுப்பாக நிற்கும் கோபுரம். அந்தக் கறுப்பு அரக்குப் பூச்சு. ஆண்டுதோறும் புதிதாகப் பூசுகிறார்கள். வெளியிலிருந்து கூரைகளை எண்ணினால் ஐந்து. உள்ளே ஏறினால் தளங்கள் ஆறு. இரண்டாம் கூரைக்குள் மறைந்திருக்கும் மூன்றாம் தளத்துக்கு ஜன்னலே கிடையாது. பகல் பதினோரு மணிக்கு அதில் நின்றபோது எதிரே இருந்தவர் முகம் தெரியவில்லை, மரத்தின் குளிர் மட்டும் காலுறை வழியாக ஏறியது. நான்கிலிருந்து ஐந்துக்குப் போகும் படி 61 பாகைச் சரிவு. ஒவ்வொரு படியும் முழங்கால் உயரம். 1630-களில் போர் ஓய்ந்த பிறகு சேர்த்த நிலா பார்க்கும் மண்டபம் இதே கோபுரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. துப்பாக்கித் துளைகள் நிறைந்த சுவரைக் கடந்து மூன்று பக்கமும் திறந்த அந்த அறைக்குள் வரும்போது, கட்டியவர்களின் பயம் விலகிய வருடத்தையே நேரில் பார்ப்பதுபோல் இருக்கும். 1870-களில் ஏலம் போய் இடிக்கவிருந்த கோபுரத்தை இச்சிகாவா ரியோசோ என்ற ஊர்க்காரர் உள்ளே கண்காட்சிகள் நடத்திப் பணம் திரட்டி மீட்டார். அந்த ஊர் அவரை மறக்கவில்லை.

ஆனால் மட்சுமோட்டோ, நகோயாவிலிருந்து ஷினானோ விரைவு ரயிலில் இரண்டு மணி நேரம். போகவர நான்கு மணி, செலவும் கணிசம். இன்னொன்று: சுய்க்கா போன்ற தொடு அட்டையை நகோயாவில் தட்டி ஏறி மட்சுமோட்டோவில் தட்டி வெளியே வர முடியாது. இரண்டும் வேறு வேறு அட்டைப் பகுதிகள். காகிதச் சீட்டுதான் வாங்க வேண்டும். நகோயாவின் சிக்கல் இதில்தான் தெரிகிறது. மூன்று கோட்டை, மூன்று வகை ரயில், மூன்று வகைச் சீட்டு. வழியில் மனம் மாறி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ முடியாது. திரும்ப நகோயா வந்துதான் போக வேண்டும்.

சரி, ஒகயாமா.

இந்த ஊரைப் பற்றி நம்மவர்கள் அதிகம் பேசிக் கேட்டதில்லை. ரயில் படத்தை எடுத்துப் பாருங்கள், காரணம் புரியும். கிழக்கே ஹிமேஜிக்கு ஷின்கான்சென். வடக்கே மலை கடந்து மட்சுஎவுக்கு யாகுமோ என்ற விரைவு ரயில். தெற்கே கடல்பாலம் தாண்டி ஷிகோக்குத் தீவின் மட்சுயாமாவுக்கு ஷியோகாசே, கோச்சிக்கு நன்பூ. யாகுமோ போகும் வழியில் பிச்சு மட்சுயாமா (ஷிகோக்குவின் மட்சுயாமா வேறு). நன்பூவும் ஷியோகாசேயும் போகும் வழியில் மருகாமே. 12 மூலக் கோபுரங்களில் ஆறுக்கு, இந்த ஒரே நிலையத்திலிருந்து எங்கும் வண்டி மாறாமல் போகலாம். விரைவு ரயில்கள் ஏறக்குறைய மணிக்கு ஒன்று. ஒன்பதரை மணிக்கு நிலையத்துக்கு வந்து, எந்த வண்டி முதலில் கிளம்புகிறதோ அதில் ஏறினாலும் ஒரு கோட்டை கிடைக்கும். எனக்கு இதுதான் சுகம்.

ஹிமேஜியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. 1609-ல் முடிந்த வெள்ளைக் கோபுரம், 1993 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம், நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் நேர் சாலையின் முடிவில் கண்ணெதிரே நிற்கும். ஒகயாமாவிலிருந்து 20 நிமிடம். கட்டணம்தான் ஏறிவிட்டது: 2026 மார்ச் முதல் வெளியூர்க்காரர்களுக்கு 2,500 யென், முன்பு 1,000. கடைசி அனுமதி மாலை 4 மணி. மதியம் சாவகாசமாகக் கிளம்புகிறவர்கள் இந்த மணியை மட்டும் மனதில் வைக்க வேண்டும். கோட்டை எதுவானாலும் ஐந்து மணிக்குக் கதவு சாத்திவிடுவார்கள் என்று வைத்துக்கொள்வது நல்லது. நான் ஒருமுறை பத்து நிமிடம் தாமதித்து, வாசலிலிருந்தே திரும்பியிருக்கிறேன்.

மருகாமே 40 நிமிடம். கோபுரம் 15 மீட்டர்தான், ஏமாற்றம் என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் கோபுரத்தை மட்டும் பார்த்தவர்கள். அங்கே பார்க்க வேண்டியது கல். அடுக்கடுக்காக ஏறும் மதில்களை மொத்தமாக அளந்தால் 60 மீட்டர் உயரம். அடியில் சாய்வாகத் தொடங்கி மேலே போகப் போக நிமிர்ந்து, விசிறியின் விளிம்பு போல வளைகிறது. மூலைக் கற்களைக் கவனியுங்கள்: நீளப் பக்கம் ஒன்று, அகலப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்கியிருப்பார்கள். 2018 மழையில் ஒரு பகுதி சரிந்தது. கற்களை எண்ணிட்டு, ஒவ்வொன்றாக அதே இடத்தில் திரும்ப வைக்கும் பெரிய வேலை அது. மூச்சிரைக்கும் அந்த ஏற்றத்துக்குத் திரும்பிப்பார்க்கும் சரிவு என்று பெயர். பாதியில் நின்று திரும்பினால் கடல் தெரியும். இறங்கியதும் பசிக்கு உடோன் என்ற தடித்த நூடுல்ஸ் கிடைக்கும், சைவர்களுக்கு ஒரு சொல்: அந்தச் சாறு மீனில் இறக்கியது.

பிச்சு மட்சுயாமா சோம்பேறிகளுக்கு இல்லை. 430 மீட்டர் உயரத்தில், மூலக் கோபுரங்களிலேயே உயரமான இடத்தில் இருக்கிறது. பிச்சு-தாகாஹாஷி நிலையத்தில் இறங்கி டாக்சியில் ஃபுய்கோ கணவாய் வரை போய், மிச்சத்தை 20 நிமிடம் காட்டுப்பாதையில் ஏற வேண்டும். மழை என்றால் அந்த நாள் வேண்டாம். வானம் தெளிவாக இருக்கும் காலையில் மட்டும் போங்கள். மலையின் இயற்கைப் பாறை எங்கே முடிகிறது, மனிதன் அடுக்கிய மதில் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத ஒரு இடம் வாசலருகே இருக்கிறது. அங்கேயே நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். கோபுரத்துக்குள் கணப்பு மூட்டும் குழி உண்டு. முற்றுகையில் மாட்டினால் இங்கேயே வாழ வேண்டும் என்று கட்டியிருக்கிறார்கள். 2018 வெள்ளத்துக்குப் பிறகு இங்கே வந்து சேர்ந்த சன்ஜூரோ என்ற பூனையைக் கோட்டைத் தலைவனாகவே அறிவித்தார்கள், கூட்டம் வரத் தொடங்கியது.

அதே யாகுமோவில் இறங்காமல் உட்கார்ந்திருந்தால் மொத்தம் இரண்டரை மணி நேரத்தில் மட்சுஎ. இந்தக் கோபுரம் எப்போது முடிந்தது என்பதற்கு நெடுங்காலம் ஆதாரம் இல்லாமல் இருந்தது. 2012-ல், பக்கத்துக் கோவிலில் இரண்டு பிரார்த்தனைப் பலகைகள் கிடைத்தன, அவற்றில் 1611-க்கு உரிய ஆண்டு எழுதியிருந்தது. கோபுரத்தின் அடித்தளத் தூண்களில் ஆணித் துளைகள் இருந்தன. பலகையின் துளையும் தூணின் துளையும் பொருந்தின. 2015-ல் தேசியச் செல்வம் ஆனது. அந்தத் தூண்களை இன்றும் பக்கத்தில் நின்று பார்க்கலாம், அருகிலேயே கோபுரத்துக்குள் தோண்டிய கிணறும் இருக்கிறது. மாலையில் ஷின்ஜி ஏரியில் சூரியன் இறங்குவதைப் பார்க்காமல் திரும்புவது தவறு. ஆகவே இது போய்வரும் ஊர் அல்ல, ஒரு இரவு தங்கும் ஊர். மட்சுயாமாவும் கோச்சியும் அப்படியே, ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டரை மணி நேரப் பயணம்.

ஒகயாமாவின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். காற்று பலமாக அடித்தால் செதோ பெரும்பாலத்தில் ரயில் நிற்கும், அன்றைக்கு ஷிகோக்கு கிடையாது. யாகுமோவில் 2024 மார்ச் முதல் எல்லா இருக்கைகளும் முன்பதிவு. கிளம்பும் முன் இயந்திரத்தில் எடுத்துக்கொள்ளலாம்தான், ஆனால் விடுமுறை நாட்களில் இடம் கிடைக்கும் என்று நம்ப முடியாது. ஊரின் சொந்தக் கோட்டை, காக்கைக் கோட்டை என்று பெயர் பெற்றது, 1945-ல் எரிந்து 1966-ல் கான்கிரீட்டில் எழுந்தது. மழை நாளில் ட்ராமில் போய்ப் பார்த்துவிட்டு, பாலம் தாண்டி கோராக்குஎன் தோட்டத்தில் நடக்கலாம்.

பாஸ் வாங்குவதா என்று கேட்பார்கள். நாடு முழுமைக்குமான ஏழு நாள் ஜேஆர் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 ஆனது. ஓரிடத்தில் தங்கிச் சுற்றுகிறவர் அந்தப் பணத்தை எடுக்க முடியாது. சாதாரண ரயில்களுக்கான, நினைத்த நாளில் பயன்படுத்த முடிந்த செய்ஷுன் 18 என்ற மலிவுச் சீட்டும் 2024 குளிர்காலம் முதல் தொடர்ந்த மூன்று அல்லது ஐந்து நாட்களுக்கு என்று மாறிவிட்டது. நடுவில் ஒருநாள் ஓய்வெடுத்தால் அந்த நாள் வீண். மேற்கு ஜப்பானுக்கு மட்டுமான பகுதிப் பாஸ்களைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், மட்சுஎ போவதாக இருந்தால் கட்டுப்படியாகும். நகோயாப் பக்கம் அவ்வப்போது சீட்டு எடுப்பதே மேல்.

ஆக, மூன்று நாள்தான் இருக்கிறது, மூன்று நாளும் எங்கே என்று முன்பே முடிவு செய்யச் சம்மதம் என்றால் நகோயா. கட்டடங்களின் தரத்தில் ஒகயாமாப் பக்கம் அதை மிஞ்ச ஹிமேஜி மட்டுமே உண்டு. ஐந்து நாளோ அதற்கு மேலோ இருந்து, காலையில் முடிவு செய்யும் ஆள் என்றால் யோசிக்காமல் ஒகயாமா.

இரண்டுக்கும் நேரம் உண்டென்றால் நகோயாவில் தொடங்குங்கள். மட்சுமோட்டோவுக்குப் போகும் ஷினானோ, கிசோ மலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடும். ஜன்னலுக்கு வெளியே சரிவெங்கும் நெருக்கமாக நிற்கும் ஹினோக்கி (ஜப்பானிய சைப்ரஸ்) மரங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஹிமேஜிக் கோபுரத்தை அடியிலிருந்து உச்சி வரை தாங்குபவை இரண்டு பெருந்தூண்கள். 1956-ல் தொடங்கிய பெரும் பழுதுபார்ப்பில் மேற்குத் தூணை மாற்ற வேண்டி வந்தது, கிசோ காட்டிலிருந்து மரம் வெட்டினார்கள். கொண்டு வரும் வழியில் அது முறிந்தது. இன்னொரு மரத்தைத் தேடி எடுத்து, இரண்டையும் மூன்றாம் தளத்தின் உயரத்தில் இணைத்துத்தான் நிறுத்தினார்கள். அந்த இணைப்பைத் தாண்டித்தான் எல்லோரும் மேலே ஏறுகிறார்கள். அங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள்.